பெரிய இன நாய்க்குட்டியின் வளர்ச்சியும் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் நாய், பூனைத் தீனி விற்கிற கடையில் நிற்கிறவன் நான். குட்டி வாங்கியவர்கள் மிருக வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்படுகிற சந்தேகங்கள் முதலில் என்னிடம்தான் வருகின்றன. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. வளர்ப்பு, தீனி, எடை இவற்றோடு என் பேச்சு நிற்கும். மருந்து, ஊசி எல்லாம் டொக்டர் பாடு.

பெரிய இனம் எண்டா எது? எங்கட லப்ரடோரும் அதுக்குள்ள வருமா?

வளர்ந்து முடிந்தபின் ஏறத்தாழ 32 கிலோவும் அதற்கு மேலும் நிற்கிற நாய்களைத் தீனிக் கணக்கில் பெரிய இனம் என்கிறார்கள். ஆண் அல்சேசன் 30 முதல் 40 கிலோ, ஆண் ரொட்வைலர் 50 முதல் 60 கிலோ வரும். கிறேட் டேன் அதையும் தாண்டும். லப்ரடோர் எல்லையில் நிற்கிற இனம், 29 முதல் 36 வரை. பெண் லப்ரடோர் 32க்குக் கீழே நின்றாலும் அதையும் பெரிய இனமாகவே வளர்ப்பது நல்லது.

இந்தப் பிரிப்புக்குக் காரணம் எலும்பு. கால் எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். ஊர் நாய்க்கு அது ஒரு வயதுக்குள் மூடிவிடும். பெரிய இனத்துக்கு 12 முதல் 18 மாதம் ஆகும், கிறேட் டேன் மாதிரியானவற்றுக்கு 24 மாதம் வரைகூடப் போகும். அத்தனை மாதமும் அந்த மெதுவான இடத்தின் மேல்தான் உடம்பின் பாரம் இருக்கிறது.

மூண்டு மாசக் குட்டி எத்தின கிலோ இருக்க வேணும்?

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே இரண்டு மூன்று கிலோ வித்தியாசப்படும். அதனால் ஒரு தனி எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். ஏறுகிற வேகத்தைப் பாருங்கள். ஐந்து மாதம் வரைக்கும், வளர்ந்தபின் எதிர்பார்க்கிற எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளில் 2 முதல் 4 கிராம் ஏறினால் போதும். தாய் தகப்பனைப் பார்த்து 35 கிலோ வரும் என்று நினைத்தால் நாளுக்கு 70 முதல் 140 கிராம், அதாவது கிழமைக்கு அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை. ஐந்து ஆறு மாதத்தில் வளர்ந்த எடையின் பாதியைத் தொட்டிருக்கும்.

வீட்டில தராசு இல்ல. எப்பிடி நிறுக்கிற?

ஆள் ஏறி நிற்கிற தராசில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம், தனியாக ஒரு தரம் ஏறி, கழித்துப் பாருங்கள். இருபது கிலோ தாண்டித் தூக்க முடியாமல் போனால் நெல் நிறுக்கிற தராசு இருக்கவே இருக்கிறது. அம்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. கிழமைக்கு ஒரு நாள், சாப்பாட்டுக்கு முன், அதே தராசு. எண்ணைக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுது. பாக்கிற சனமெல்லாம் பட்டினி போடுறீங்களோ எண்டு கேக்குது. மெலிவா?

பெரும்பாலும் இல்லை. அதுதான் சரியான உடம்பு. உங்கள் கையிலேயே அளவு இருக்கிறது. முட்டியைப் பொத்தி விரல் கணுக்களைத் தடவிப் பாருங்கள்: விலா அப்படிக் குத்தினால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள்: மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தெரிகிற அந்த மாதிரி இருந்தால் சரி. உள்ளங்கைச் சதை மாதிரி அமுக்கித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு.

பிறகு மேலே நின்று பாருங்கள், விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்காலை நோக்கி மேலேற வேண்டும். மிருக வைத்தியர்கள் உடம்பு நிலையை 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் குண்டு) வரை எண்ணில் சொல்வார்கள். வளருகிற பெரிய இனக் குட்டி 4இல், மிஞ்சினால் 5இல் நின்றால் நல்லது. முதுகெலும்பும் இடுப்பு எலும்பும் தூரத்தில் இருந்தே துருத்திக்கொண்டு தெரிந்தால் மட்டும் பயப்படுங்கள். அயலவர் வாயை அடைக்க ஒரு கோப்பை கூடப் போடுவது குட்டிக்குச் செய்கிற உபகாரமல்ல.

குண்டா இருந்தா வடிவுதானே. வளந்தாப்போல மெலியும்தானே?

மெலியலாம். அதற்குள் மூட்டு தன் வேலையைப் பார்த்துவிடும். இன்னும் இறுகாத இடுப்பு, முழங்கை மூட்டுகளில் கூடுதல் எடை ஏறினால் அவை பொருந்துகிற விதமே கெடலாம்.

அமெரிக்காவில் 48 லப்ரடோர் குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்வாசி குறைத்துக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். முடிவு 2002இல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். இடுப்பு மூட்டுத் தேய்வும் குறைவாகச் சாப்பிட்ட பக்கத்தில் பிந்தித்தான் வந்தது. ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே தீனி, அளவு மட்டும் வேறு. இதைவிடத் தெளிவாக வேறு எதைக் காட்டுவது?

குறைச்சுக் குடுத்தா உருவம் சின்னனாப் போகாதா? எனக்கு நல்ல பெரிய நாய் வேணும்.

எவ்வளவு உயரம் என்பது தாய் தகப்பனிடம் இருந்து வந்துவிட்டது. தீனி அந்த உயரத்தை எப்போது தொடுவது என்பதை மாற்றும். அளவோடு வளர்கிற குட்டி அதே உயரத்துக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தி வரும். அவ்வளவுதான். குறைப்பது என்றால் சத்துச் சரியாக உள்ள தீனியின் அளவைக் குறைப்பது. வெறும் சோற்றைப் போட்டுக் காய வைப்பது வேறு கதை, அதற்குக் கீழே வருகிறேன்.

ஒரு நாளைக்கு எத்தின தரம், எவ்வளவு போடுற?

மூன்று மாதம் வரை நாலு தரம், ஆறு மாதம் வரை மூன்று தரம், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க இரண்டு தரம். பெரிய நாய்க்கு ஒரே வேளையில் முழுவதையும் கொட்டாதீர்கள். இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்கிற ஆபத்து பெரிய இனங்களுக்கு அதிகம். சாப்பிட்ட உடனே ஓட விடவும் வேண்டாம்.

பக்கற்றில் இருக்கிற அட்டவணை ஒரு தொடக்கம் மட்டுமே. அதில் தொடங்கி, கிழமை எடையையும் மேலே சொன்ன விலாச் சோதனையையும் பார்த்துப் பத்து வீதம் கூட்டிக் குறையுங்கள். கோப்பைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், கிராமில் நிறுத்துப் போடுங்கள். கால் மணித்தியாலத்தில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகலில் குட்டி சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது, அப்போது விடியவும் இரவுமாகப் பங்கை மாற்றலாம். அப்புறம் வீட்டு ஆட்கள். அம்மம்மா ஒரு பிஸ்கட், தம்பி ஒரு பாண் துண்டு என்று போகிற கணக்கு யாருடைய கொப்பியிலும் ஏறாது. எல்லாத் தின்பண்டமும் சேர்த்து நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பக்கற் தீனியில எதப் பாத்து வாங்கிற? கிலோக் கணக்கில பிரிச்சு விக்கிறதும் அதுதானே?

பெரிய இனக் குட்டிக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த நாய்த் தீனி குட்டிக்குச் சரிவராது. சின்ன இனக் குட்டித் தீனியிலும் கல்சியம் இவற்றுக்குக் கூடுதலாக இருக்கலாம். பெரிய இனக் குட்டிக்கு உலர்நிறையில், அதாவது தீனியின் ஈரத்தைக் கழித்த எடையில், கல்சியம் 1.2 வீதத்துக்குக் குறையாமலும் 1.8 வீதத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். புரதம் கூடினால் எலும்பு கெடும் என்றொரு கதை உலாவுகிறது. அது பிழை. எலும்பைக் கெடுப்பவை அளவுக்கு மிஞ்சிய கலோரியும் கல்சியமும்.

பிரித்து விற்பது எனக்கும் வியாபாரம்தான், ஆனாலும் சொல்கிறேன்: குட்டிக்கு மூடிய பக்கற்றே வாங்குங்கள். திறந்த சாக்கில் இருப்பது எந்த வயதுக்கான தீனி என்று வாசிக்க அட்டையே இல்லை. நம் கடற்கரை ஈரக் காற்றில் கொழுப்பும் சீக்கிரம் காறிப்போகும். மாரியில் இன்னும் மோசம்.

சோறும் மீனும்தானே எங்கட நாயள் காலங்காலமா திண்டது. அது காணாதா?

பதினைந்து கிலோ ஊர் நாய்க்கு, அதுவும் நாலு வீட்டில் பொறுக்கித் தின்கிற நாய்க்கு, ஓடியது. நாலு மாதத்தில் அந்தப் பதினைந்து கிலோவைத் தொடுகிற அல்சேசன் குட்டிக்கு ஓடாது. கணக்குப் பாருங்கள். அந்தக் குட்டிக்கு நாளுக்கு 1,100 முதல் 1,600 கிலோ கலோரி வேண்டும். ஒவ்வொரு 1,000 கிலோ கலோரியோடும் 3 கிராமுக்குக் குறையாமல் கல்சியம் போக வேண்டும். அரைக் கிலோ சோறும் முள் எடுத்த மீன் 400 கிராமும் போட்டால் கால் கிராம் கல்சியமே வரும். மீன் சதையிலோ இறைச்சியிலோ பொஸ்பரஸ் மட்டும் நிறைய இருக்கிறது. இரத்தத்தில் கல்சியம் போதாவிட்டால் உடம்பு எலும்பில் இருந்து உருவும். எலும்பு மெலிந்து, கட்டிலில் இருந்து குதித்ததற்கே கால் முறிந்த குட்டிகள் உண்டு.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் குட்டியின் எடையைச் சொல்லி டொக்டரிடம் அளவு எழுதி வாங்குங்கள். நைசாக அரைத்த முட்டைக்கோது ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஆனால் செம்பு, துத்தநாகம், விற்றமின் டி எல்லாவற்றுக்கும் அது பதில் ஆகாது. பக்கற் தீனியை அடிப்படையாக வைத்து, அவித்து முள் எடுத்த மீனும் சோறும் பத்தில் ஒரு பங்குக்குள் சேர்ப்பது சுலபமான வழி. பாதிக்குப் பாதி கலந்தால் பக்கற்றில் இருந்த சமநிலையும் போய்விடும். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கிற பொருள் இருக்கிறது, அவித்தால் போய்விடும். கருவாட்டில் உப்பு.

எலும்பு பலப்பட கல்சியம் சிரப் குடுக்கலாமா? கடையில குடுங்க எண்டுதான் சொல்றாங்க.

என் கடையில் அதிகம் கேட்கப்படுகிற போத்தலும் இதுதான், நான் அதிகம் திருப்பி வைக்கிற போத்தலும் இதுதான். முழுமையான குட்டித் தீனி தின்கிற குட்டிக்குக் கல்சியம் மேலதிகமாகக் கொடுக்கக் கூடாது. 1,000 கிலோ கலோரிக்குக் குறைந்தது 3 கிராம் என்றேன் அல்லவா, பெரிய இனத்துக்கு மேல் எல்லை 4.5 கிராம். இடைவெளி அவ்வளவுதான். தீனி ஏற்கெனவே அந்த இடைவெளிக்குள் நிற்கிறது, மேலே ஊற்றுகிற சிரப் எல்லையைத் தாண்ட வைக்கும்.

வளர்ந்த நாயின் குடல் வேண்டாத கல்சியத்தை எடுக்காமல் விட்டுவிடும். ஆறு மாதம் வரையான குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. வந்ததில் பெரும் பங்கு உள்ளே போகும், வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்பு எலும்பாக மாறுகிற வேலை குழம்பும். 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிறேட் டேன் குட்டிகளுக்கு 3.3 வீதம் கல்சியம் உள்ள தீனி கொடுத்துப் பார்த்தபோது நடந்தது அதுதான். கால் வளைவதும், மூட்டுக் குருத்தெலும்பு உரிந்து நிற்பதும் கல்சியக் குறைவால் மட்டும் வருவதல்ல, கூடினாலும் வரும். கல்சியம் வேண்டிய குட்டி வெறும் சோறு, இறைச்சி தின்கிற குட்டி. அதற்கும் அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அல்சேசனுக்கு அஞ்சு மாசமாகுது, ஒரு காது விழுந்து கிடக்கு. கல்சியம் குடுத்தா நிமிரும் எண்டு சொல்றாங்களே?

பல் மாறுகிற காலம், மூன்றரை மாதத்தில் இருந்து ஆறேழு மாதம் வரை. நிமிர்ந்த காதே விழுந்து எழும்பும். விட்டுவிடுங்கள். கல்சியம் பற்றி முந்தின பதிலைப் பாருங்கள்.

எருமத் தயிர், பால்மா, திரிபோஷா?

தயிர் ஒன்றிரண்டு கரண்டி ருசிக்குப் பரவாயில்லை. எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம், சட்டியோடு வைத்தால் நாள் கலோரிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பால் குடித்து வயிற்றோட்டம் போகிற குட்டிக்குப் பாலில் உள்ள சீனி செமிக்கவில்லை என்று அர்த்தம், நிறுத்துங்கள். திரிபோஷா தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் என்று அளவு பார்த்துச் செய்தது. நாய்க்குட்டிக்கு அது பொருந்தாது. கிளினிக்கில் வாங்கி நாய்க்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமும் வரும்.

ஈரல், முட்டை, எலும்பு?

ஈரல் கிழமையில் ஒரு சின்னத் துண்டு. தினமும் போட்டால் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி எலும்பையே தாக்கும். அவித்த முட்டை கிழமைக்கு இரண்டு மூன்று. அவித்த எலும்பு, கோழி எலும்பு முக்கியமாக, வேண்டாம். உடைந்து ஊசி மாதிரி குடலில் ஏறும்.

காலம வெயிலில கட்டி வெச்சா எலும்புக்கு நல்லமா?

மனிதருக்கு நல்லது. நாயின் தோல் வெயிலைக் கொண்டு தேவையான அளவு விற்றமின் டி செய்யாது. சாப்பாட்டில் இருந்துதான் அதற்கு வர வேண்டும். விடிய வெயிலில் திரிவதில் தவறில்லை, ஆனால் கட்டி வைத்துக் காய விடாதீர்கள். நம் வெயிலில் ரொட்வைலர் குட்டி மூச்சு வாங்கித் தவிக்கும்.

வயிறு மட்டும் பலூன் மாதிரி, முதுகு எலும்பு தெரியுது. இது குண்டா, மெலிவா?

மெலிவு. முதலில் சந்தேகப்பட வேண்டியது பூச்சி. தாயிடம் இருந்தே வட்டப் புழு குட்டிக்கு வந்துவிடும். பிறந்து இரண்டு கிழமையில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தரம், மூன்று மாதத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம் பூச்சி மருந்து என்பது வழக்கம். அளவு எடைக்குத் தக்கது, அதனால்தான் கலண்டரில் எழுதச் சொன்னேன். சில புழுக்கள் பிள்ளைகளுக்கும் தொற்றும், மலத்தை அள்ளிப் புதையுங்கள்.

பூச்சி மருந்தும் குடுத்தாச்சு, நல்லாத் திண்ணுது, மறுகாவும் எடை ஏறுதில்ல.

உண்ணி இருக்கிறதா பாருங்கள், காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும். நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல்கள் குட்டியின் இரத்தத்தைக் குடித்துவிடும். வாயைத் திறந்து முரசைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் அன்றைக்கே அரச கால்நடை வைத்திய நிலையத்துக்கோ தனியார் வைத்தியரிடமோ போங்கள். எடை இரண்டு கிழமை ஏறாமல் நின்றாலும், ஏறி இறங்கினாலும் தீனியைக் கூட்ட முன் டொக்டரைக் காணுங்கள்.

கல்லடிக் கடற்கரையில ஓட விடலாமா? மோட்டர் சைக்கிளுக்குப் பின்னால ஓடினா கால் பலப்படும் எண்டு மச்சான் சொல்றான்.

மச்சானின் பேச்சைக் கேட்காதீர்கள். குட்டி தானாக ஓடி, தானாக நின்று, மணலைக் கிண்டி, களைத்தால் படுக்கிற விளையாட்டு நல்லது. சைக்கிளுக்கு ஈடு கொடுத்து, நிற்க முடியாமல் தார் றோட்டில் ஓடுவது வளர்ச்சித் தட்டுக்குக் கேடு. ஒன்றரை வயது வரை அந்த எண்ணமே வேண்டாம். நோர்வேயில் லப்ரடோர் உட்பட நாலு பெரிய இனங்களைப் பார்த்த ஆய்வில், மூன்று மாதத்துக்கு முன் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு ஆபத்துக் கூடியிருந்தது. மெத்தென்ற தரையில் அவிழ்த்துவிட்டவற்றுக்குக் குறைந்திருந்தது. வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஐந்து நிமிடம் என்று ஒரு நடைக் கணக்குச் சொல்வார்கள், அதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. குட்டியின் களைப்பே கணக்கு.

டைல்ஸ் தரை இன்னொரு எதிரி. பின்கால் இரண்டும் விரிந்து வழுக்குகிறதைக் கண்டிருப்பீர்கள். குட்டி எழும்பித் திரிகிற இடத்தில் பழைய பாயோ சாக்கோ விரியுங்கள். வாவியில் நீந்த விட ஆசைப்படுகிறவர்கள் முதலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்கால் பாதம் தட்டையாப் படிஞ்சு, கால் வெளிப்பக்கம் திரும்பி நிக்குது. பலகை வெச்சுக் கட்டலாமா?

கட்டாதீர்கள். இரண்டு முதல் நாலு மாதக் குட்டிகளில் மணிக்கட்டு தளர்ந்து பாதம் படிவதை அடிக்கடி காணலாம். கூடுதல் எடையும் வழுக்குத் தரையும் அதை மோசமாக்கும். இரண்டையும் திருத்தினால் பல குட்டிகள் சில கிழமைகளில் தேறிவிடும். ஒரு கால் மட்டும் வளைந்தால், மூட்டு வீங்கிச் சுட்டால், காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

நேத்து இந்தக் கால் நொண்டினது, இண்டைக்கு அந்தக் கால். பரசிற்றமோல் பாதி குடுக்கவா?

மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுபுரூபன், டைக்குளோபினாக் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பரசிற்றமோல் ஈரலை. கால் மாறி மாறி நொண்டுவது ஐந்து மாதம் முதல் ஒன்றரை வயது வரையான அல்சேசன்களில் காண்கிற எலும்பு அழற்சியாக இருக்கலாம். வலித்தாலும் காலப்போக்கில் அது அடங்கிவிடும். ஆனால் முழங்கை, தோள் மூட்டுக் கோளாறும் நொண்டலாகத்தான் தொடங்கும். இரண்டு நாளுக்கு மேல் நொண்டினால் காட்டுங்கள்.

கருத்தடை எப்ப செய்யிற? ஆறு மாசத்திலயே செய்யலாமா?

பெரிய இனத்துக்கு அவசரம் வேண்டாம். பாலியல் சுரப்புகள்தான் வளர்ச்சித் தட்டுக்கு மூடு என்று சொல்பவை. அவை முன்கூட்டியே நின்றால் எலும்பு கூடுதல் காலம் நீண்டுகொண்டே போகும். கலிபோர்னியாவில் அல்சேசன்களைப் பார்த்த 2016 ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த ஆண்களில் 21 வீதத்துக்கு மூட்டுக் கோளாறு, செய்யாதவற்றில் 7 வீதம். பெண்களில் செய்தவற்றில் 16 வீதம், செய்யாதவற்றில் 5 வீதம். வேலி இல்லாத வளவில் பெட்டை நாய் வைத்திருப்பவருக்கு வேறு கவலை இருக்கும், அதை டொக்டரோடு பேசித் தீர்மானியுங்கள். செய்தபின் பசி கூடும், தேவை குறையும். சாப்பாட்டைக் குறைக்க மறக்காதீர்கள்.

பெரிய நாய்த் தீனிக்கு எப்ப மாத்திற?

வளர்ந்த நாய்த் தீனிக்கு 12 முதல் 15 மாதத்தில், கிறேட் டேனுக்கு 18 முதல் 24 மாதத்தில். ஒரு கிழமை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

'ஹெவி போன்' எண்டு கூடக் காசு வாங்கினாங்க. இப்ப எழும்பக் கஷ்டப்படுது, முயல் மாதிரி ரெண்டு பின்காலையும் சேத்துத் துள்ளி ஓடுது. என்ன செய்யிற?

'ஹெவி போன்', அதாவது எலும்பு தடித்த குட்டி என்பது, விற்கிறவரின் சொல். பாதம் பருத்த குட்டிக்கு நல்ல இடுப்பு மூட்டு இருக்கும் என்று அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அந்தக் காசுக்கு அர்த்தம் இருந்திருக்கும். நீங்கள் சொல்கிற அடையாளங்கள் இடுப்பு மூட்டுக் கோளாற்றுடையவை. அது பரம்பரையில் வருவது, தீனியால் உண்டாக்கவும் முடியாது, முழுதாகத் தடுக்கவும் முடியாது. எடை அதை எவ்வளவு மோசமாக்கும் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. இப்போதே உடம்பு நிலையை 4க்கு இறக்குங்கள், துள்ளல் விளையாட்டை நிறுத்துங்கள்.

உறுதிப்படுத்த எக்ஸ்ரே வேண்டும். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். இடுப்பு எக்ஸ்ரேக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுப்பார்கள், எத்தனை மணித்தியாலம் பட்டினி என்று முதலே கேட்டு வையுங்கள். மகியங்கனை வழியாகப் போனால் பதினெட்டு வளைவில் குட்டி சத்தி எடுக்கும், அதற்கும் வெறும் வயிறு நல்லது. கலண்டரில் எழுதிய எடையையும், தீனிப் பக்கற்றின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.